இலையை மறிக்காத கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எழுதுகிற தகுதி எனக்குக் கிடையாது. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் லீவு லெட்டரும் கம்ப்ரசர் ரிப்பேர் சீட்டும்தான். நாலு பேர் எதிரில் பேசவே கூச்சப்படுகிறவன் நாலு பேர் படிக்க எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் பதினான்கு வருடம் கம்ப்ரசர் பிட்டராக இருந்த பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பகுதியைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற ஒப்பந்தக்காரர் ஒருவர், முக்குளிக்கிறவர்களின் சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"காத்து அடைக்கிறவனும் அந்தக் காத்த இழுத்துப் பாத்தவனா இருக்கணும். ஸ்கூபா சர்டிபிகேட்டோட மாசக் கடைசிக்குள்ள வா. இல்லேன்னா வேற ஆளப் போட்டுடுவேன்."

நேவியிலிருந்து வந்த ஒருவர் சிட்டியில் ஒரு நீச்சல்குளத்தில் சொல்லித்தருவதாகவும், மூன்று வாரம் பிடிக்கும் என்றும் அவரே சொன்னார். மாதம் முடிய இருபத்து மூன்று நாள் இருந்தது. எனக்குத் தெரிந்ததோ கொரட்டூர் ஏரி நீச்சல் மட்டும்தான்.

பூந்தமல்லியில் சைக்கிள் கடை வைத்திருந்த என் மச்சினன் இதைக் கேட்டுச் சிரித்தான்.

"மூணு வாரமா? இன்னா மாமா, தண்ணிக்குள்ள எறங்கி ஏர்றதுக்கு டிகிரியா படிக்கப் போற? நம்ம தோஸ்த்து ஒருத்தன் கீறான். மூணே நாளு. லேமினேஷன் பண்ணியே குட்த்துடுவான்."

தோஸ்த்தின் பள்ளிக்கூடம் பூந்தமல்லியைத் தாண்டி ஒரு தோட்டத்துக் கிணறு. கிணற்று மேட்டில் மஞ்சள் சிலிண்டர் ஒன்று கம்பீரமாக நின்றது. தூக்கிப் பார்த்தேன். பெயிண்ட் உரிந்த இடத்தில் சிவப்பு தெரிந்தது. எந்தப் பட்டறைச் சுவரிலோ தொங்கிய தீயணைப்புச் சிலிண்டர்.

"அது போட்டோவுக்கு அண்ணாத்தே" என்றார் தோஸ்த்து. "எறங்கறதுக்கு டியூப்பு கீது. அந்தாண்ட பாரு."

டியூப்பின் மறுமுனை பஞ்சர் கடைக் கம்ப்ரசர் ஒன்றில் மாட்டியிருந்தது. எங்கே கம்ப்ரசரைக் கண்டாலும் தொட்டிக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்து பார்ப்பது எங்கள் தொழிலில் கை தானாகச் செய்யும் வேலை. திறந்தேன். பழுப்பாக, தயிர் கடைந்ததுபோல எண்ணெயும் தண்ணீரும் கலந்து கொட்டியது. அந்தக் காற்றைத்தான் நான் கிணற்றுக்குள் இழுக்க வேண்டும்.

"பயப்படாத நைனா. கண்ண மூடிக்கினு எறங்கு. இதுவரிக்கும் ஒருத்தரும் கம்ப்ளெயின்ட் பண்ணதில்ல."

பண்ணும் நிலையில் மேலே வந்தார்களா என்று கேட்கத் தோன்றியது. வயிறு சரியில்லை என்று சொல்லி வேலி ஓரமாக ஒதுங்கினேன். அப்படியே ஒதுங்கி ஒதுங்கி பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டேன். "கம்ப்ரசர் சரியில்லை" என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதவன் இரண்டு மைல் நடந்தேன்.

மறுநாளே விடியற்காலை மின்சார ரயில் பிடித்து நீச்சல்குளத்துக்குப் போனேன். நேவிக்காரர் என்னைவிடச் சின்னவர். அவர் பதிவேடு எடுக்கத் திரும்பிய நேரத்தில் அவருடைய கம்ப்ரசரின் அடித்திருகையும் திறந்து பார்த்தேன். சுத்தம்.

"என்னண்ணா பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல சார்."

"எவ்ளோ நாள்ல சர்டிபிகேட் தருவீங்கன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. வந்ததும் கம்ப்ரசர்கிட்டப் போன மொத ஆள் நீங்கதான்" என்றார். அங்கேயே பெயர் கொடுத்துவிட்டேன்.

பாடம் கஷ்டமாக இல்லை. என் கூச்சம்தான் கஷ்டமாக இருந்தது. தண்ணீருக்குள் ஆசிரியர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினால் "நலமா?" என்று அர்த்தம். நலம் என்றால் நாமும் வட்டம் காட்ட வேண்டும். இல்லையென்றால் விரல்களை விரித்து, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து ஆட்ட வேண்டும். முதல் வாரம் முழுக்க நான் வட்டம்தான் காட்டினேன். ஒருநாள் என் முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து மூக்கு வரை ஏறிவிட்டது. அப்போதும் வட்டம். அவரே என்னை மேலே இழுத்துக்கொண்டு வந்தார்.

"உள்ள மீன் வளக்கற அளவுக்குத் தண்ணி நிக்குது, ஓகேங்கறீங்க?"

"நீங்க கேக்கறீங்க சார். இல்லன்னு எப்படிச் சொல்றது?"

அவர் என் முகக் கண்ணாடியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். "கல்யாண வீட்ல பாயசம் ஊத்திக்கிட்டே இருந்தா என்னண்ணா பண்ணுவீங்க? இலை மேல கைய நீட்டி மறிப்பீங்கல்ல? அதே கைதான். லேசா ஆட்டணும், அவ்ளோதான்."

"நான் மறிக்க மாட்டேன் சார். ஊத்தினதைக் குடிச்சிடுவேன்."

குளத்தில் இருந்த மற்ற மூன்று மாணவர்களும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "கடல்ல அப்படிக் குடிக்க முடியாதுண்ணா" என்றார்.

கடைசித் தேர்வு கடலில், முப்பதடி ஆழத்தில். மாதக் கடைசிக்கு முந்தின நாள். அதற்கும் முந்தின நாள் பார்த்து எனக்குச் சளி பிடித்தது. மச்சினன் மிளகு ரசம் கொண்டுவந்தான். "போயி முங்கிட்டு வந்துரு மாமா. மூக்கு இன்னா பரீட்ச எழுதப் போவுது?"

படகிலிருந்து கயிற்றைப் பிடித்து இறங்கினோம். பத்தடியில் காது அடைத்தது. மூக்கைப் பிடித்து ஊதினால் காது திறக்க வேண்டும், திறக்கவில்லை. ஆசிரியர் வட்டம் காட்டினார். நானும் வட்டம் காட்டினேன். இன்னும் இரண்டு முழம் இறங்கினோம். காதுக்குள் யாரோ திருப்புளியை வைத்துத் திருகுவதுபோல இருந்தது. மேலே போனால் சான்றிதழ் இல்லை, வேலை இல்லை. கீழே போனால் காது இல்லை. மறுபடியும் அவர் வட்டம் காட்டினார்.

என் கை பாதி வட்டத்துக்கு வந்து நின்றது. எத்தனையோ பந்திகளில் மறிக்காமல் குடித்த பாயசமெல்லாம் நினைவுக்கு வந்தது. விரல்களை விரித்தேன். உள்ளங்கையைக் கீழே திருப்பினேன். இலையை மறிப்பதுபோல மறித்து, ஆட்டினேன். அவர் கவனிக்கவில்லையோ என்று இன்னொரு முறை, வேகமாக ஆட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, மேலே கை காட்டினார்.

படகில் ஏறியதும் முகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒருதரம் ஆட்டினா போதும்ணா. பரிமாறவே வராதேன்னு தொரத்தி விடற மாதிரி ஆட்டறீங்களே!"

"சர்டிபிகேட்டு சார்?"

"இன்னைக்குக் கெடையாது. முப்பதடி போனாத்தான். ஆனா இனிமே உங்கள எறக்க எனக்குப் பயமில்ல. சளி போனதும் வாங்க." ஒப்பந்தக்காரருக்கு ஒரு துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். அதைப் பிரித்துப் பார்க்கவும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒப்பந்தக்காரர் படித்துவிட்டு எட்டு நாள் தவணை கொடுத்தார். சளி அன்று காலையிலேயே போய்விட்டிருந்தது.