கள்ளுக்கடையிடம் சொன்ன சொல்

"உங்க மாப்ள கள்ளுக்கடைய விட்டுக் கெளம்பும்போது, அதுகிட்ட என்ன சொல்லிட்டு வந்தாரு?" என்று டாக்டர் மதார் ஒருமுறை என்னிடம் கேட்டார். கேலி என்றுதான் நினைத்தேன். கோரிப்பாளையத்தில் அவரிடம் மருந்து வாங்கிய உங்களுக்குத் தெரியும், கேலியையும் அவர் முகம் மாறாமல்தான் சொல்வார். சென்ற செவ்வாய்க்கிழமை அவர் மறைந்த செய்தியை அதே மாப்ளதான் என் வாசலில் வந்து சொன்னார். முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கேள்விதான்.

மாப்ள மாயாண்டி, என் தங்கை பேச்சியின் கணவர். கொட்டாம்பட்டியில் விவசாயம். பல் துலக்குமுன் கள் வேண்டும் அவருக்கு. ஈரல் வீங்கிவிட்டது, குடி நிற்காவிட்டால் இன்னொரு மழைக்காலம் தாங்காது என்றார்கள் வைத்தியர்கள். மூன்று பிள்ளைகள். மெஸ்மெரிசத்தால் குடியை நிறுத்துகிறார் என்று கேள்விப்பட்டு மதாரிடம் அழைத்துப் போனேன்.

மை போட்டுப் பார்ப்பவர் என்று அவரைச் சிலர் சொல்வதுண்டு. மையும் இல்லை, மந்திரமும் இல்லை. தன் கட்டைவிரல் நகத்தைப் பார்க்கச் சொல்லி மெதுவாகப் பேசுவார், அவ்வளவே. மாயாண்டியின் இமைகள் மூடின. "இப்ப கடை வாசல்ல நிக்கிறீங்க. இதுதான் கடைசி. சொல்லிக்கிட்டுக் கெளம்புங்க" என்றார். மாயாண்டியின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

நாற்பது நாள் கள்ளைத் தொடவில்லை. நாற்பத்தோராம் நாள் நடுப்பகலில் உழவு மாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்கு நடந்திருக்கிறார். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பல அண்ணே" என்றான் கடைக்காரன். "கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குன மாதிரி நின்னாரு. சொன்னபடி வந்துட்டேன்னு மட்டும் சொன்னாரு."

மறுபடி அழைத்துப் போனபோதுதான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் மாயாண்டியைப் பார்த்தேன்.

"வாரேன்னு சொன்னேன். கெளம்புறப்ப வேறென்ன சொல்வாக?" என்றார் அவர்.

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "தப்பு என் மேல வாத்தியாரே. நம்ம சனம் எதுகிட்டயும் வாரேன்னுதான சொல்லும்."

பள்ளி விட்டதும் "வாரேன் சார்" என்று ஓடும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். துக்க வீட்டிலிருந்துகூடச் சொல்லாமல் கிளம்புவோமே தவிர, போறேன் என்று சொல்ல மாட்டோம்.

இரண்டாம் முறை "போறேன்" என்று சொல்லச் சொன்னார். மூடிய கண்களோடு மாயாண்டி தலையை ஆட்டி மறுத்தார். வேட்டி வியர்வையில் நனைந்தது. வாசற்படியில் நின்ற பேச்சி காதைப் பொத்திக்கொண்டாள்.

"வேணாம் டாக்டரய்யா. அப்படிச் சொல்லிட்டுப் போன ஆளு வீடு திரும்பாது."

"உங்களைவிட்டுப் போகலம்மா. கள்ளைவிட்டுத்தான் போறாரு."

வெகுநேரம் கழித்து அந்தச் சொல் வந்தது. குரல் மாயாண்டியுடையது இல்லை. வயதான, கரகரத்த குரல். குடித்தே செத்த அவர் தகப்பனாரின் குரல் அது என்று பேச்சி இன்றும் சொல்கிறாள். அந்த மனிதரோடு எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. ஆனால் குரலை நானும் கேட்டேன். டாக்டரும் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அதன் பிறகு மாயாண்டி குடிக்கவில்லை. எல்லோருக்கும் இப்படி நடந்ததில்லை. டாக்டரே அதை மறைத்ததில்லை. "அவங்க பேச்சை அவங்களுக்கே கேக்க வைக்கிறேன், அம்புட்டுதான்" என்பார்.

போன மாதம் அவர் படுக்கையில் இருந்தபோது பார்க்கப் போனேன். கிளம்பும்போது "வாரேன் டாக்டர்" என்றேன். "வாங்க" என்பதுதான் அவர் வழக்கம். அன்று கண்ணை மூடியபடியே, "போறேன் வாத்தியாரே" என்றார். கேலி என்று சிரித்துவிட்டு வந்தேன். அவர் முகம் மாறவில்லை என்பது வீடு வந்த பிறகுதான் உறைத்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இரண்டு சொற்கள்தான். என் மூக்குப்பொடி டப்பாவிடம் நான் இன்னும் முதல் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் விட நினைக்கும் ஒன்று இருந்தால், அதன் முன்னால் நின்று, வாய்விட்டு, உங்கள் காதில் விழும்படி ஒரு முறை "போறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.