எப்பவாச்சும் ஒண்ணு

கிராம்பு வாசனையோடு அப்பா வீட்டுக்குள் வந்தால், எங்கேயோ ஒரு சிகரெட் குடித்து முடித்திருக்கிறார் என்று எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும். வங்கியில் குமாஸ்தாவாக இருந்த அவர் தினமும் குடிப்பவர் அல்லர். கல்யாண வீடு, இந்தியா ஜெயித்த மேட்ச், மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம், அவ்வளவுதான். அம்மாவோ அவரைத் தீராத பல்வலிக்காரர் என்று நம்பி, கிராம்பை டப்பா டப்பாவாக வாங்கி வைத்தாள்.

தொண்ணூறுகளின் கடைசியில், சித்தியைப் பெண் பார்க்கச் சமயநல்லூரிலிருந்து எங்கள் திருநகர் வீட்டுக்கு வந்தார்கள். தங்கைக்கு வரப்போகிறவர், 'உங்க அத்தான் மாதிரி' சிகரெட்டைக் கையால் தொடாதவராக இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஒரே நிபந்தனை. கேசரித் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டும் விட்டாள்.

"தம்பி, சிகரெட் குடிப்பீகளா?"

"எப்பவாச்சும் ஒண்ணு, அக்கா" என்றார் மாப்பிள்ளை. அவருடைய அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

சம்பந்தம் முறிந்தது என்றே எல்லோரும் நினைத்தபோது அப்பா எழுந்து, "வாங்க, மாடிக்குப் போய்ப் பேசுவோம்" என்று அவரை அழைத்துப் போனார். புத்தி சொல்லத்தான் போகிறார் என்று அம்மாவுக்குப் பெருமை. சற்று நேரத்தில் காப்பியோடு என்னை மேலே அனுப்பினாள். போன வேகத்தில் திரும்பினேன்.

"என்னடி, அப்பா புத்தி சொல்றாரா?"

"இல்லம்மா. 'இழுங்க சகல'ன்னு பத்த வச்சு விடுறாரு. அவரும் குடிக்கிறாரு."

அம்மாவின் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை. உள்ளறையிலிருந்து சித்தி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "யக்கா, கேட்டதும் உண்மையச் சொன்னாரே, அவரையே பேசி முடி. எனக்குச் சம்மதம்."

கல்யாணம் நடந்தது. அப்பாவோடு அம்மா பேசத்தான் பத்து நாள் ஆனது.

இப்போது அப்பாவும் சித்தப்பாவும் சிகரெட்டை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. விசேஷ வீடுகளில் சாப்பாடு முடிந்ததும் மண்டபத்துப் பின்பக்கம் ஆண்கள் காணாமல் போகும் வழக்கமும் போய்விட்டது. போன மாதம் பசுமலையில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு முடித்த சகலைகள் இருவரும் வெறுங்கையோடு ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள்.

ஜன்னல் வழியே பார்த்த அம்மா சொன்னாள்: "பாவம்டி, ரெண்டு பேருக்கும் பேச்சே வரல."