சக்கர நாற்காலிகளுக்கு ஒரு கொட்டகை

தெருவில் அவளைச் சக்கர அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் இருபது வருடம் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தவள். வேலையை விட்டபின் உடைந்த சக்கர நாற்காலிகளை வாங்கிப் பழுது பார்த்து, நடக்க முடியாதவர்களுக்குக் கொடுத்துவந்தாள். கூடத்தில் நாற்காலி, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி, குளியலறைக் கதவுக்குப் பின்னால் கழற்றிய சக்கரங்கள்.

"ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இதுங்க இருக்கணும்" என்றார் கணவர்.

அவள் கொஞ்சம் அதிக நேரமே யோசித்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போடலாம் என்றாள்.

அவளுடைய அண்ணன் மறுநாளே ஒரு கான்ட்ராக்டரைக் கூட்டிவந்தார். "நம்ம ஆளும்மா. கண்ண மூடிக்கிட்டு வேலைய ஒப்படைக்கலாம்."

வந்தவர் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. பேச்செல்லாம் அண்ணனோடுதான். "மழைத்தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்று அவள் கேட்டதற்கும் அண்ணன் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார்: "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்." அவளுக்குச் சுருக்கென்றது. அண்ணனுக்காக வாயை மூடிக்கொண்டாள்.

நான்கே நாளில் தகரக் கொட்டகை எழுந்தது. அடுத்த மாதம் அவளும் கணவரும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு வாரம் விடாமல் மழை. திரும்பி வந்து கொட்டகைக் கதவைத் தள்ளினால், பதினோரு நாற்காலிகளும் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றன. கூரை வீட்டுச் சுவரை நோக்கிச் சரிந்திருந்தது. தரையோ முற்றத்தைவிடத் தாழ்வு. சக்கரங்கள் துருவேறி இறுகிவிட்டன. அவற்றில் ஒன்று சின்னது. பள்ளிக்கூடம் திறக்கும் நாளுக்காக ஒரு சிறுமிக்கு அளவெடுத்துச் செய்தது. அதன் இருக்கையில் பூஞ்சணம் பூத்திருந்தது.

கான்ட்ராக்டருக்குப் போன் போட்டாள்.

"மழைக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?"

"மழைய நிறுத்தவா சொன்னேன்? தண்ணி போக வழி கேட்டேன். நீங்க எங்க அண்ணன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னீங்க!"

அவர் போனை வைத்துவிட்டார். சமாதானம் பேச வந்த அண்ணனுக்கும் திட்டு கிடைத்தது. "விடும்மா, தெரிஞ்ச ஆளு" என்று அவர் தொடங்கியதுமே, "தெரிஞ்ச ஆளு சரிண்ணே, வேலை தெரிஞ்ச ஆளா?" என்றாள். அண்ணன் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அன்று மதியமே ஸ்பேனரோடு கொட்டகையில் ஏறித் தகரங்களைக் கழற்றினாள். பாதி போல்ட்டுகளுக்கு வாஷரே இல்லை. ஒவ்வொன்றையும் திருகும்போது கான்ட்ராக்டரைத் திட்டினாள். வாய் மூடிக்கொண்டு நின்ற தன்னையும் திட்டினாள்.

இந்த முறை ஆளை அவளே தேடினாள். முதலில் வந்தவர் பைக்கைவிட்டு இறங்காமலே "ஒரே வாரம், ஜம்முனு முடிச்சிரலாம்" என்றார். அப்படியே போகச் சொல்லிவிட்டாள். இரண்டாமவர் போனில் அழகழகான கொட்டகைப் படங்களைக் காட்டினார். "இதுல ஒரு வீட்டு அட்ரஸ் குடுங்க, போய்ப் பாத்துட்டு வரேன்" என்றதும் அவருக்கு அவசர வேலை வந்துவிட்டது.

மூன்றாவதாக வந்தவள் ஒரு வெல்டர். ஒரு வாளித் தண்ணீரை முற்றத்தில் கொட்டி, அது ஓடும் திசையைக் குத்துக்காலிட்டுப் பார்த்தாள். பிறகு சக்கர அக்காவிடமே கேட்டாள்: "எத்தனை நாற்காலிக்கா? தூக்கிட்டு வருவீங்களா, தள்ளிட்டு வருவீங்களா?"

"தள்ளிட்டுதான்."

"அப்ப படி வேணாம், சரிவு போடணும். தரைய ஒரு அடி உசத்தணும். மூணு வாரம் ஆகும், முன்னாடி முடியாது."

சக்கர அக்கா, அந்த வெல்டர் மூன்று வருடத்துக்குமுன் கட்டிய கொட்டகை ஒன்றைத் தேடிப்போனாள். "ஒருதடவ கதவு இறுகிச்சு, கூப்பிட்டேன். மறுநாளே வந்து சரிபண்ணிட்டா" என்றார் வீட்டுக்காரர். அதன்பிறகே சரி சொன்னாள்.

புதுக் கொட்டகையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் சின்ன நாற்காலியை மறுபடி செய்துமுடிப்பதற்குள் பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்தபோது சிறுமி அவளைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"லேட்டாயிருச்சு கண்ணு. என் தப்புதான்."

"ஜன்னல் பக்கத்து இடத்தையெல்லாம் மத்தவங்களுக்குக் குடுத்துட்டாங்க" என்றது குழந்தை, கோபமாக.

சக்கர அக்கா குனிந்து, கால் பலகையை அவள் உயரத்துக்குச் சரிசெய்தாள். பிறகு நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள், அந்த ஜன்னல் ஓர இடத்தைக் கேட்க.