இல்லாதவர்கள் பட்டியல்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஒரு பதவி வந்தது. மயிலாப்பூரில் கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடிக்கிற சின்ன அச்சகக்காரனுக்குப் பதவியா என்று கேட்காதீர்கள், நானே கேட்டுக்கொள்ளவில்லை. ஆள் வைத்து வேலை வாங்குகிற எங்களிடம் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் வருஷா வருஷம் ஒரு வரி பிடித்தது. அது தொழில் வளர்ச்சி நிதி என்ற பெயரில் சேர்ந்து, தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் பயிற்சிக் கட்டணமாகப் போக வேண்டும். ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க ஒரு கண்காணிப்புக் குழு. அதில் வரி கட்டுகிறவர்களின் பிரதிநிதி நான்.

"ஆத்துல குழாய் ஒழுகறதைப் பாக்க ஆளில்லை. ஊர்ப் பணத்தைக் காவல் காக்கப் போறேளாக்கும்" என்றாள் என் மனைவி.

தேனாம்பேட்டையில் மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம். ராகு காலம் கழித்துத் தொடங்கும். போண்டா ஆறுவதற்குள் முடியும். போன கூட்டத்தின் குறிப்பைப் படித்ததாக ஒப்புக்கொண்டு, அடுத்த கூட்டத்தின் தேதியைக் குறித்துக்கொள்வோம். பயிற்சி நிலையத்து வாசலில் சிமெண்ட் வளைவு கட்டிய பில் வந்தபோது மட்டும் ஓர் உறுப்பினர் வாய் திறந்து, வளைவுக்கு என்ன பெயிண்ட் என்று கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் வரி அல்லவா! ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று, விண்ணப்பத்தில் இருக்கும் விலாசத்துக்கு நேரில் போய், ஆள் இருக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் பணம் தர வேண்டும், போலிகளை ஒழிக்க வேண்டும் என்று முழங்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து அது விதி.

என் அச்சகத்தில் தாள் மடித்துப் புத்தகம் தைக்கிற ஓர் அம்மா பல வருஷமாக இருந்தார். அவருடைய மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். தி. நகரில் கம்ப்யூட்டரில் அச்சுக் கோக்கச் சொல்லித்தரும் வகுப்பில் சேர ஆசை. அதற்கான கட்டணத்தை நிதியிலிருந்து கேட்கலாம்.

"சார், நீங்க அந்தக் கமிட்டில கீறீங்களாமே. பொண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். ஜூன்ல கிளாஸ் ஆரம்பிச்சுடுவாங்களாம்."

"சிபாரிசுங்கற பேச்சே எங்கிட்ட கூடாதும்மா. முறைப்படி போடு, முறைப்படி வரும்."

பூர்த்தி செய்த படிவத்தை அவர் நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த நாளில் நேர்மை எனக்குக் கொஞ்சம் அஜீரணம் ஆகிற அளவுக்கு இருந்தது.

மே மாதக் கூட்டத்தில் என் விதியின் பலனை மேசைமேல் வைத்தார்கள். போலி விண்ணப்பங்கள், இரண்டு பக்கம். தலைவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எனக்குப் பொன்னாடை போர்த்தினார். பட்டியலின் அடியில் கையெழுத்துப் போட்டேன். படித்தேனா என்றால், அன்றைக்குச் சட்னி நன்றாக இருந்தது என்பதுதான் நினைவிருக்கிறது.

வந்து போகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று பொன்னாடையை அச்சகத்தில் என் நாற்காலி முதுகில் போட்டுவைத்தேன். ஒரு வாரம் கழித்து அந்த அம்மா, நிதி அலுவலகத்துக்கே போய்க் கேட்டு வாங்கிய ஒரு கடிதத்தோடு வந்து நின்றார்.

"இத்தப் படிச்சுச் சொல்லுங்க சார்."

நேரில் விசாரித்ததில் மேற்படி விலாசத்தில் வீடோ ஆளோ இல்லை, எனவே இது போலி விண்ணப்பம் என்று எழுதியிருந்தது. விலாசம், அடையாற்றங்கரைக் குடிசை வரிசை. அதை முந்தின வருஷமே இடித்துவிட்டு, இருந்தவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கியிருந்தார்கள். ரேஷன் கார்டு மாறவில்லை. கார்டில் இருந்ததையே மகள் படிவத்தில் எழுதிவிட்டாள். இடித்த விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகுதான் அவர் இரண்டு பஸ் மாறித் தாமதமாக வருவதும், நான் தினமும் சுவர்க் கடிகாரத்தைக் காட்டுவதும்.

உடனே நிதி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "அடுத்த கூட்டத்துல மறுபரிசீலனைக்கு வைக்கலாம் சார்" என்றார் அங்கிருந்தவர். "அதுக்கு முன்னாடி ஒண்ணும் செய்ய முடியாது. ரூல் நீங்க கொண்டு வந்ததாச்சே."

அடுத்த கூட்டம் ஆகஸ்டில்.

"ஃபீஸை நானே கட்டிடறேன்" என்றேன், சத்தமாக.

"வோணாம் சார். அப்பால சம்பளத்துல புடிப்பீங்க." கடிதத்தை வாங்கி மடித்தார். தாள் மடித்துப் பழகிய கை, மடிப்பு பிசகவில்லை. "காலைல வந்தா சாயங்காலம் வரைக்கும் உங்க எதிர்லதான் சார் குந்திக்கினு கீறேன். நான் கீறேனா இல்லையான்னு என்னாண்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஜூன் வந்தது, மகள் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டப் போனாள்.

ஆகஸ்ட் கூட்டத்தில் அந்த விண்ணப்பம் மறுபடி வந்தது. நான் எழுந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொண்ணு இப்ப என்ன பண்றா?" என்றார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. குறிப்பு எழுதுகிறவர் எழுதினார்: விண்ணப்பதாரரின் மகள் வேலையில் சேர்ந்துவிட்டபடியால் நிதியின் நோக்கம் நிறைவேறியது.

தாள் சுற்றி என்னிடம் வந்தது. எதிர்த்து இரண்டு வரி எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன். எல்லோரும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார்கள், எனக்காகத்தான் நின்றார்கள். இந்த முறை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்தை மட்டும் போட்டேன்.