செபெதேயு கடையில் ஆள் இல்லை

மீன் வியாபாரத்தில் மீனை விற்பது சுலபம். மீன் வெட்ட ஆள் தங்குவதுதான் கஷ்டம். கடை வைத்து நொந்துபோனவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வேஷத்துக்குப் பேரம்

இயேசு தன் முதல் சீஷர்களைக் கூப்பிட்ட கதையைக் கோயிலில் வாசிக்கும் ஞாயிறு, ஜனவரியில் வரும். இந்த வருஷம் அதை நாடகமாகப் போடலாம் என்றார் எங்கள் பாஸ்டர். இருபது வருஷமாக உத்திரமேரூரில் ஏரி மீன் விற்கிறவன் நான், மீன் பிடித்த பேதுரு வேஷம் எனக்குத்தான் என்று மீசையை முறுக்கிக்கொண்டு போனேன். அவர் கொடுத்தது செபெதேயு. யாக்கோபு, யோவானுடைய அப்பா. பிள்ளைகள் ரெண்டு பேரும் இயேசு பின்னால் போக, படகில் வலையோடு உட்கார்ந்திருக்கிற மனுஷன்.

எனக்கு இன்னா வசனம் என்று கேட்டேன். ஒன்றும் இல்லையாம். பத்து வார்த்தை கேட்டேன், அஞ்சுக்கு இறங்கினேன், கடைசியில் ஒரு "சரி"யாவது கொடுங்கள் என்றேன். பாஸ்டர் வேதத்தை மூடினார்.

"செபெதேயு வாயே தொறக்கல. அதனாலதான் உங்களுக்குக் குடுத்தேன்."

தாடி வைத்தவர்

யாக்கோபும் யோவானும் யார் தெரியுமா? என் கடையில் மீன் வெட்டும் மோசேயும் அவன் தம்பி சாமுவேலும். அதுகூடப் பரவாயில்லை. இயேசுவாக வருகிறவன் ஸ்டீபன். போன மாசம் என் கடைக்கு எதிரிலேயே மீன் கடை போட்டவன். அன்றிலிருந்து என் ஆட்கள் ரெண்டு பேரையும் இழுக்கப் பார்க்கிறான். தினமும் ஒத்திகையில் அவன் "என் பின்னே வாங்க" என்பான், இவர்கள் எழுந்து போவார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு வலையைப் பார்க்க வேண்டும்.

வேறு இயேசுவைப் போடுங்கள் என்று பாஸ்டரிடம் சண்டைக்கே போனேன். சபையில் வேறு யாருக்கும் தாடி இல்லை என்றுவிட்டார். இந்த வயிற்றெரிச்சலைக் கடையில் கொட்டிக்கொண்டிருந்தபோது, நாற்று நட்டுவிட்டு ஜிலேபி மீன் வாங்க வந்த கன்னியம்மா பையை நீட்டினாள்.

"நானும் கோயில் ஜன்னலாண்ட நின்னு பாத்தேன் நைனா. அவன் கூப்புடறதுக்கு முன்னாடியே எழுந்துக்கறானுங்க."

ஞாயிற்றுக்கிழமை

வாரத்திலேயே நல்ல வியாபாரம் ஞாயிறு காலைதான். கடையைப் பூட்டிவிட்டு, கோயிலில் நீலப் புடவையை விரித்துச் செய்த ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். பாட்டுக் குழுவில் இருந்த என் வீட்டுக்காரி, வாயை மூடு என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்டீபன் வந்தான், கூப்பிட்டான். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வலையை என் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். அதுவரை பொறுத்தேன்.

அப்புறம் ஸ்டீபன் மோசே தோளில் கைபோட்டு, காதில் ஏதோ சொன்னான். நாடகத்தில் அது கிடையாது. வலையோடு எழுந்துவிட்டேன். அவன் எவ்வளவு ஜாஸ்தி தருகிறேன் என்றானோ, அதற்கு மேல் நான் தருகிறேன் என்று சபைக்கு நடுவில் கத்தினேன். என் வீட்டுக்காரி பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். மோசே மட்டும் பதறவில்லை. அங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகச் சொன்னான்.

"கூலி அதேதாண்ணா. அங்க திட்டு கெடையாதாம்."

திங்கட்கிழமையிலிருந்து மீனை நானே வெட்டிக்கொண்டிருக்கிறேன். திட்டுவதற்குக் கடையில் என்னை விட்டால் ஆளில்லை.