கை பார்க்கிற வாசல்

என் தங்கச்சி இறால் கம்பெனிக்குப் போகிறவள். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு போகிற சாலையில் இருக்கிறது அது. ஐஸ் தண்ணீரில் கைவிட்டு, தலை கிள்ளி, ஓடு உரித்து, நரம்பு உருவி, மறுபடி ஐஸ். பகல் முழுக்க இதுதான். வெளிநாட்டு மேசைக்குப் போகிற இறால் என்பதால் வாசலிலேயே கை பார்ப்பார்கள். பெண்கள் வரிசையில் நின்று இரண்டு கைகளையும் நீட்டி, திருப்பிக் காட்ட வேண்டும். புண், சிவப்பு, வீக்கம், எது இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் சூப்பர்வைசர். அன்றைய கூலி போயிற்று.

நல்ல விதிதானே என்று நானும் நினைத்திருந்தேன். கை கெட்டதே உள்ளேதான் என்று தெரிகிறவரை.

முந்தின ஷிப்டுக்காரிகள் கழற்றிப் போட்ட ரப்பர் கையுறைகளைத்தான் அடுத்த ஷிப்டுக்காரிகள் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிப்புறத்தைக் குளோரின் தண்ணீரில் முக்குவார்கள். உட்புறத்தை யார் காய வைப்பது? யாரோ ஒருத்தியின் வேர்வையும் ஐஸ் தண்ணீரும் ஊறிய அந்த நசநசத்த இருட்டுக்குள் என் தங்கச்சி தினமும் விரல்களை நுழைத்தாள். முதலில் நகக்கண் வீங்கியது. பிறகு நகம் மஞ்சளாகி, தடித்து, மரப்பட்டைபோல ஆனது.

இதற்கு அந்தப் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு ட்யூப். முந்தின இரவு தடவினால் காலையில் சிவப்பு அடங்கிவிடும், வாசல் தாண்டிவிடலாம். அடங்கியதும் நிறுத்திவிட்டு, மீதியை அடுத்தவளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சிவப்பு போனால் நோயும் போயிற்று என்பது அந்த வாசல் சொல்லிக்கொடுத்த பாடம்.

ஒருமுறை அதை வாங்க என்னை அனுப்பினாள்.

"தங்கச்சிக்கா? கம்பெனிப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் இதத்தான் குடுக்கேன்" என்றார் மெடிக்கல் அண்ணாச்சி. "ராத்திரி தடவச் சொல்லு. காலைல கல்யாணப் பொண்ணு கை மாதிரி இருக்கும்."

"டாக்டர் சீட்டு வேண்டாமா அண்ணாச்சி?"

"தடவுத மருந்துக்கு எதுக்குப் பிள்ள சீட்டு? டாக்டரு வாரதுக்குள்ள ஷிப்டு போயிரும்லா." கூடவே பூஞ்சைக்கு என்று சில மாத்திரைகளையும் வெட்டிக் கொடுத்தார். நானும் வாங்கிவந்தேன்.

நகம் பிய்ந்துகொண்டு வரத் தொடங்கிய பிறகுதான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோல் டாக்டர் அம்மா அந்த ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, சிவப்பையும் அரிப்பையும் அது அடக்கும், ஆனால் பூஞ்சைக்கு அது கொண்டாட்டம் என்றார். நகத்தடியைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். வழக்கமான மாத்திரை இனிக் கேட்காது என்று முடிவு வந்தது.

"அரைகுறையா மருந்து போட்டுப் போட்டு பூஞ்சைய அதுக்குப் பழக்கிட்டீங்க. அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, மேல பசை மாதிரி ஒரு போர்வை போத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கு. மருந்து உள்ளயே போகாது."

திரேஸ்புரத்தில் கரையேற்றிய படகுகளின் அடிவயிறு ஞாபகம் வந்தது. எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் வழுக்கிக்கொண்டு கிடக்கிற அந்தப் பாசிப் பூச்சு. அதைக் கொத்திச் சுரண்ட வேண்டும். தங்கச்சி விரலில் எதைக் கொத்துவது?

வேறு மாத்திரை எழுதினார், மாதக்கணக்கில் விழுங்க வேண்டும். ட்யூபைத் தொடக் கூடாது, கை ஈரத்தில் ஊறக் கூடாது. இதுவும் கேட்காமல் போனால் கொடுப்பதற்குத் தன்னிடம் அதிகம் இல்லை என்றார். வெளியே வந்ததும் தங்கச்சி கேட்டாள்: "கை ஊறாம கஞ்சி எங்கேருந்துக்கா வரும்?"

எனக்கு அவள்மேல் அல்ல கோபம். வேலைக்காரியின் கையைக் கெடுத்துவிட்டு, கெட்ட கையைக் காட்டாதே என்று அவளையே மறைக்க வைக்கிறார்களே, அதன்மேல்.

மறுநாள் நானும் அவளோடு போனேன். அவள் எதுவும் தடவாத கையை நீட்டினாள்.

"என்னளா இது, பேய் நகம் மாதிரி? போ, ஆறுனப்பொறவு வா" என்றார் சூப்பர்வைசர்.

"ஒங்க கையுறைலதான் சார் வந்துச்சி. காஞ்ச கையுற தாங்க, ஆறும்."

"மத்தவளுவ கையெல்லாம் நல்லாத்தான இருக்கு?"

பின்னால் நின்ற பெண் சொன்னாள்: "எனக்கும் உண்டு சார். ராத்திரி தடவிட்டு வந்தேன், அதான் தெரியல."

"எனக்குக் கால்லயும் கெடக்கு. தூக்கிக் காட்டவா?" என்று இன்னொருத்தி கேட்க, வரிசை முழுக்கச் சிரிப்பு.

உள்ளே ஒரு லோடு இறால் இறங்கியிருந்தது. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசருக்குப் போன் வந்தது. பேசி முடித்ததும், "சரி சரி, எல்லாரும் உள்ள போங்க" என்றார். அவ்வளவுதான் அந்த விதி. இறால் அழுகும் என்றதும் எல்லாக் கையும் நல்ல கையாகிவிட்டது.

தங்கச்சி அசையவில்லை. "காஞ்ச கையுற" என்றாள் மறுபடியும். மற்றவர்களும் அசையவில்லை.

அவர் உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்தார். பிரிக்காத புதுக் கையுறைகள். வெளிநாட்டுக்காரர்கள் சோதனைக்கு வருகிற நாளில் மட்டும் வெளியே எடுப்பார்களாம். இருந்திருக்கிறது, இத்தனை நாளும் இருந்திருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம். ஒரு ஜோடியை என் தங்கச்சியிடம் நீட்டினார். அவள் அதைப் பின்னால் நின்றவளிடம் கொடுத்துவிட்டு மறுபடி கையை நீட்டினாள். பெட்டி காலியாகும்வரை இப்படியே ஒவ்வொரு ஜோடியாய் வரிசைக்குப் போயிற்று; கடைசி ஜோடி அவளுக்கு.

"இன்னைக்கு மட்டுந்தான்" என்றார் அவர்.

"நாளைக்கும் யாரும் தடவிட்டு வர மாட்டோம் சார்" என்றாள் பின்னால் நின்ற அந்தப் பெண், கையுறையை உதறி மாட்டிக்கொண்டே.