மேட்டூர்த் தண்ணீரும் என் தெர்மாமீட்டரும்

மதகுக் காவலில் பாதி வேலை தண்ணீரைப் பார்ப்பது. மீதி, தண்ணீரைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது.

சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடக் கரையில் எனக்கு ராத்திரி டியூட்டி. ராத்திரி வேலைக்காரர்களான உங்களுக்குத் தெரியும், ஊர் தூங்கும்போது விழித்திருப்பவனுக்கு யோசனை ஜாஸ்தி. யோசனையைக் கட்டிப்போட, ஆறுகளைப் பற்றிய ஒரு பழைய புத்தகத்தை வாங்கி நானே படித்தேன். அணையின் அடியில் கிடக்கும் தண்ணீர் வெயில் படாத தண்ணீர், அதைத் திறந்துவிட்டால் ஆறு குளிர்ந்து மீன் மந்தமாகிவிடும் என்று போட்டிருந்தது. படித்ததோடு நிறுத்தியிருக்கலாம். அந்தோணியிடம் சொல்லித் தொலைத்தேன்.

டெம்பரேச்சர்

அந்தோணி ஆற்றில் வலை போடுகிறவர். கடலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை அவர் மகளை நிச்சயம் செய்ய வருகிறார்கள். கடல்மீன் வியாபாரிகள். "எங்க ஆத்து மீன் கொழம்ப சாப்ட்டுப் பாருங்க" என்று வாயை விட்டுவிட்டார். அந்த வாரம் பார்த்து மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர, வலை காலியாகவே வந்தது.

வியாழன் காலை, டியூட்டி முடிந்ததும், வீட்டில் பிள்ளைக்கு வைக்கும் தெர்மாமீட்டரை ஆற்றில் விட்டேன். பாதரசம் நகரவே இல்லை. உதறி, மறுபடி விட்டேன். அந்தோணி எட்டிப் பார்த்தார்.

"ஜுரம் இல்லன்னுதான மச்சான் காட்டுது? அப்பறம் எதுக்கு மீனெல்லாம் சுருண்டு படுத்துக்கெடக்குது?"

ஓசி ஃப்ரிட்ஜ்

அதெல்லாம் கரண்ட் கட் காலம். சோடாக்கடை செல்வம் பாட்டில்களைப் பெட்டியோடு கயிற்றில் கட்டி ஆற்றுக்குள் இறக்கியிருந்தான். இந்தக் குளிர்ச்சி எப்போது குறையும் என்று அந்தோணி என்னைக் குடைந்துகொண்டிருந்த நேரத்தில், அவன் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொன்னான்:

"மாமா, மேட்டூருக்கு ஒரு போன் போட்டு இன்னும் ஒரு வாரம் அடித்தண்ணியவே விடச் சொல்லுங்க. நம்மூர்ல கரண்ட் இல்லாம ஓடுறது இந்த ஆறு ஒண்ணுதான்."

வெயில் படும் இடம்

ஆழமில்லாத ஓரத்தில் வெயில் பட்டுத் தண்ணீர் சூடேறும், மீன் அங்கே ஒதுங்கும் என்றும் புத்தகத்தில் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் பகல் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போய், மதகை ஒட்டிய ஓரத்தைக் காட்டினேன். அந்தோணி வலை வீசினார். இழுத்தால் கனம். இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்தோம். கரைக்கு வந்தது செல்வத்தின் பெட்டி.

அந்தோணி ஒரு பாட்டிலை உடைத்துக் குடித்துவிட்டுக் குலுக்கினார். உள்ளே கோலிக்குண்டு ஓசை கேட்டது.

"நாளைக்கு இந்தக் குண்ட போட்டுக் கொழம்பு வெக்கச் சொல்றியா மச்சான்?"

சம்பந்தி

ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய்க் குழம்புதான். அந்தோணி இலைப் பக்கமே வரவில்லை. கல்யாணம் நின்றுவிடும் என்று கொல்லைப்புறத்தில் நின்றார். மாப்பிள்ளையின் அப்பா குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி, அந்தோணியைக் கூப்பிடச் சொன்னார்.

"வேலையும் மீனு, வூட்டுலயும் மீனு. இங்கயும் மீனான்னு வழியெல்லாம் பயந்துக்கினே வந்தேன் சம்பந்தி. பொண்ண எப்ப அனுப்புறீங்க?"

அடுத்த வாரம் ஆறு தானாகவே சூடேறி வலை நிறைய மீன் விழுந்தது. அதற்கு மட்டும் யாரும் என்னைக் காரணம் சொல்லவில்லை.